நான்காவது குழாய்

திடலிலிருந்து பார்த்தால் கணக்கு சரி.
இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு.
தலையில் கிரீடம் வெட்டிய சுடுமண் குழாய்கள்,
கழுத்தில் முறுக்கிக் கட்டிய செங்கல்,
கூரை விளிம்பில் மரத்தை அறுத்துத் தொங்கவிட்ட சரிகை,
முகப்பு முக்கோணத்தில் பிரபுவின் முதலெழுத்துகள்,
அடியில் ஆண்டு: 1868.
புல்லைச் சுற்றி அவர் கட்டிய ஒன்பது வீடுகளில்
வாத்துக்குளத்துக்கு நேர் எதிரே இருப்பது இது.

நான் புகைபோக்கி துடைப்பவன்.
என் கணக்கு உள்ளேயிருந்து.
கூடத்தில் ஒன்று. சமையலறையில் ஒன்று.
மேற்கு மாடியறையில் கைக்குட்டை அகலத்தில் ஒன்று.
கிழக்கு மாடியறையில்
சுவர்.

ரோவினா ஸ்கட்டர் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர்.
போன மாதம்தான் குடிவந்தார்.
கிழக்கறையில் விறகடுப்பு வேண்டும் என்கிறார்;
விரல் விறைத்தால் பிழைப்பு போச்சு.
"கணப்பைப் பூசி மறைத்திருப்பார்கள், தட்டிப் பாருங்கள்."
தட்டினேன். அவரும் தட்டினார்.
காதை ஒட்டிக் கேட்டுவிட்டு அவரே சொன்னார்:
"கெட்டி. உள்ளே ஒன்றுமில்லை."

ஏணியைச் சாய்த்தேன்.
மேலே ஏறுகிறவனுக்கு வீடு தன் மறுபக்கத்தைக் காட்டிவிடும்.
திடலைப் பார்த்த சுவரில்
பிளந்து பதித்த சக்கிமுக்கிக் கல், கறுத்த கண்ணாடியாக;
மூலைகளில் நெருப்பு நிறச் செங்கல்.
முகட்டைத் தாண்டிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தால்
மலிவு மஞ்சள் கல், கோணல் வரி,
கை போன போக்கில் சாந்து.
கரி மூட்டை வந்த பக்கம் அது.
பிரபுவின் குதிரைவண்டி திடலைச் சுற்றித்தான் போகும்.

நான்காவது குழாயில் கோலை இறக்கினேன்.
ஆறடி. அப்புறம் கற்பலகை.
கூரைமேல் நிற்கிறது, கீழே காலில்லை.
ஒன்று குறைந்தால் படம் சாயும் என்று
வரைந்தவர் சேர்த்திருக்கிறார்,
தளை தட்டாமலிருக்கச் செருகிய அசைச்சொல்லாக.

அதோடு இறங்கியிருப்பேன்.
ஆனால் கரி.

மேல் இரண்டடிக்கு உட்சுவர் கன்னங்கரேல்.
அதற்குக் கீழே செங்கல்
நேற்று சூளையிலிருந்து வந்தது போலச் சிவப்பு.
முப்பது வருஷமாகக் கரி படிக்கிறேன்.
அது அடியில் தடித்து மேலே மெலியும்.
இது தலைகீழ்.

விளக்கைக் கயிற்றில் விட்டேன்.
குறுக்கே ஒரு கம்பி. கம்பியில் கொக்கி.
கொக்கியில் சிறு வாளி,
அடி துருப்பிடித்து உதிர்ந்து
வாய்வளையம் மட்டும்.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
அடுப்பில்லாமல் புகைந்திருக்கிறது.
ஈர வைக்கோலாக இருக்கலாம்.
விருந்தாளிகள் வந்த நாட்களாக இருக்கலாம்;
நான்கில் ஒன்று சும்மா நிற்பதை
யாராவது கேட்டிருக்கலாம்.
இந்த வாய்க்குள் பெரியவர் தோள் நுழையாது.
கிழக்கறையில் படுத்த பையன் என்று வைத்துக்கொள்கிறேன்,
என்னிடம் ஆதாரமில்லை.
இரவெல்லாம் தன் மூச்சே புகையாவதைப் பார்த்துக் கிடந்தவன்
விடிந்ததும் பலகைக்கல் கூரையில் தவழ்ந்து ஏறி
ஊருக்குச் சூடு காட்டினான்.

வளையத்தின் மேலும் கீழும் சுள்ளி,
ஆட்டு மயிர், ஒரு கிரிக்கெட் சீட்டின் கிழிசல்.
சாம்பல் பிடரிக் காகங்கள் இரண்டு
அடுத்த குழாயில் உட்கார்ந்து என்னைத் திட்டின.
எந்தத் தலைமுறையில் கண்டுபிடித்தனவோ,
இந்த ஒன்றில் மட்டும் கண் எரியாது என்று.

"என்ன இருக்கிறது?" கீழேயிருந்து ரோவினா.
"ஆள் இருக்கிறது" என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை. நானும் திரும்பச் சொல்லவில்லை.

ரசீதில் எழுதினேன்: மூன்று குழாய், துடைத்தது.
நான்காவதுக்குக் கட்டணமில்லை.
மின்கணப்பு வாங்குங்கள் என்றேன்.
"அப்படியானால் அது எதற்கு?" என்றார்,
விரல் வெட்டிய கையுறையோடு மேலே காட்டி.
குளத்துப் பக்கம் போய் நின்று பாருங்கள் என்றேன்.

ஏணியைத் தோளில் போட்டுப்
புல்லைக் கடக்கும்போது நானும் திரும்பிப் பார்த்தேன்.
இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு.
அழகாகத்தான் இருந்தது.